விட்டுப்போன பத்தொன்பதாம் அத்தியாயம்

செப்டம்பரில் ஏதென்ஸில் ஒரு புத்தகத் திருவிழா. மேடையில் நான்கு நாற்காலி போட்டு நான்காவதில் என்னை உட்கார வைத்தார்கள். நடுவில் இருந்த தாடிக்காரர் மைக்கை என் பக்கம் நீட்டினார். "கிரியா ஸ்தமாதா, சின்னப் பசங்களுக்கு எழுதற மாயக்கதைகள்ல நம்ம சாமிங்கள அளவுக்கு மீறிப் பிழிஞ்சுட்டாங்கன்னு சொல்றாங்களே, நீங்க என்ன நெனைக்கிறீங்க?"

கிரியா என்பது எங்களில் அம்மா, மேடம் மாதிரி மரியாதைச் சொல். எனக்கு நாக்கு கொஞ்சம் நீளம்.

"ஐயா, நான் இங்கிலீஷ்லேருந்து கிரேக்கத்துக்கு மாத்தி எழுதறவ. பதினாறு வருஷத்துல பெர்செஃபோனிய பதினொரு தடவ பாதாளத்துக்கு அனுப்பியாச்சு. பன்னெண்டாவது பெர்செஃபோனி இப்ப என் மேஜை மேல காத்துக்கிட்டிருக்கா. அந்தப் பொண்ணுக்கு இந்நேரம் ஒரு பஸ் பாஸ் எடுத்துக் குடுத்திருக்கலாம்."

கூட்டம் சிரித்தது. சிரிக்கிற கூட்டம் கிடைத்தால் நான் நிறுத்தமாட்டேன்.

"பாதாளத்து ராஜா ஆதிஸுக்கு எப்பவும் இருபது வயசு, கருப்புச் சட்டை, சோகக் கண்ணு. இங்கிலீஷ்ல ஹேடிஸ்ம்பாங்க. எங்க தெருவுல புராண வீரங்க பேரு வெச்ச இராக்ளிஸ் குழாய் ரிப்பேர் பண்றான், ஒடிஸியாஸ் கறிக்கடை வெச்சிருக்கான். அவங்களப் பத்தி யாராவது எழுதட்டும், காசு வாங்காம மொழிபெயர்க்கறேன்."

முதல் வரிசையில் பதினாறு வயதிருக்கும் ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை. மடியில் ஒரு தடிப் புத்தகத்தைக் கட்டிக்கொண்டு என்னை முறைத்தாள். என் மகள் அசிமினா இருந்திருந்தால் அவளும் அப்படித்தான் முறைத்திருப்பாள். அவள் செத்து அன்றைக்கு மூன்று வருடம் ஆக ஒன்றரை மாதம் பாக்கி.

சாயங்காலம் பஸ் பிடித்து எங்கள் ஊர் எலெஃப்சினாவுக்குத் திரும்பினேன். வாசல் பெட்டியில் கல்லறைத் தோட்ட அலுவலகத்தின் கடிதம் கிடந்தது. மூன்று வருடத் தவணை முடிகிறது, நவம்பர் இருபத்தெட்டு, வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு எலும்புகள் எடுக்கப்படும், குடும்பத்தில் ஒருவராவது வந்து நின்று கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும் என்று இருந்தது. யாரும் வராவிட்டால் பொதுக்குழியில் சேர்த்துவிடுவார்கள்.

எங்கள் ஊரில் எல்லோருக்கும் இதுதான்: மூன்று வருடம் குழி, பிறகு எலும்பைக் கழுவிப் பெட்டியில் வைத்துவிடுவோம். செத்தவர்கள் அதிகம், மண் கொஞ்சம். என் அப்பாவையும் இப்படி எடுத்தோம். அம்மா அவர் எலும்புகளை ஒயினில் கழுவும்போது, பாதி துக்கமும் பாதி அலுப்புமாக, இந்த மனுஷன் இடுப்பு வலின்னு சொன்னது நிஜம்தான் போலிருக்கு என்றாள். அப்பாவுக்கு எண்பத்திரண்டு வயது. அசிமினாவுக்குப் பத்தொன்பது. நான் அவளைப் பெற்றவள். எந்தக் கையால் அவளைக் கழுவுவது?

மறுநாள் அலுவலகத்துக்குப் போன் செய்தேன்.

"இன்னும் ரெண்டு வருஷம் மண்ணுலயே இருக்கட்டும். விட்டுடுங்க."

எடுத்த பெண் நல்லவள்தான். "கிரியா, எனக்குப் புரியுது. ஆனா வரிசையில அம்பது பேர் இருக்காங்க. அவங்களுக்கு இடம் வேணாமா?"

"அம்பது பேரும் செத்தவங்களா?"

"பாதிப் பேர் முன்கூட்டியே எழுதி வெச்சவங்க," என்றாள். அப்படி ஒரு ஊர் எங்களுடையது.

மினா என்றுதான் அவளைக் கூப்பிடுவோம். மினாவின் அப்பா ஸீஸிஸ், அவளுக்கு எட்டு வயதிருக்கும்போது ஜெர்மனிக்குப் போனவன். ஸ்டுட்கார்ட்டில் இன்னொரு மனைவி, இரண்டு பையன்கள். அவனுக்கும் போன் செய்தேன்.  "என்னால அதப் பாக்க முடியாது ஸ்தமாதா," என்றான். நான் என்ன, சினிமா பார்க்கவா போகிறேன் என்று கேட்டுவிட்டு வைத்தேன். ஆக, நான் போய் நிற்க வேண்டும். நான் நிற்காவிட்டால் என் மகள் ஊர் பேர் தெரியாதவர்களோடு குழியில் கிடப்பாள்.

*

அந்தப் பன்னிரண்டாவது புத்தகத்தைப் பற்றிச் சொல்கிறேன். எழுதியவள் அமெரிக்காவில் ஏதோ சோளக்காட்டு ஊர்க்காரி, இருபத்தாறு வயது. பின்னட்டைப் படத்தில் பூனையோடு சிரிக்கிறாள். அறுநூறு பக்கம்.

பழைய கதையை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். பூப்பறிக்கப் போன பெர்செஃபோனியைத் தரை பிளந்து வந்த ஆதிஸ் கருப்புக் குதிரைத் தேரில் தூக்கிக்கொண்டு போனான். அவள் தாய் திமித்ரா பூமியெல்லாம் தேடி அலைந்து கடைசியில் எங்கள் ஊருக்கு வந்து ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து அழுதாள். பயிர் முளைக்கவில்லை. உலகம் பட்டினியில் கிடந்ததும் பெண்ணைத் திருப்பி அனுப்பினார்கள். ஆனால் அவள் அங்கே மாதுளை முத்துகளைத் தின்றுவிட்டதால் வருடத்தில் சில மாதம் கீழே போயாக வேண்டும்.

இதில் தாய்தான் பாதிக் கதை. இந்தப் புத்தகங்களிலோ தாயைத் தூக்கி எறிந்துவிட்டார்கள். பெண் தானே விரும்பிப் போகிறாள், ஆதிஸ் பாவம் தனிமையில் வாடுகிறவன், திமித்ராதான் மகளை மூச்சு விடவிடாமல் பிடித்து வைத்திருக்கும் ராட்சசி. பதினொரு புத்தகத்திலும் இதே கதைதான். எங்கள் ஊர் திமித்ரா கோயில் இடிபாடுகளைப் பார்க்க வரும் வெளிநாட்டுப் பெண்கள்கூட வேலிக்கு வெளியே என்னை நிறுத்தி, ஆதிஸின் குகை எங்கே என்றுதான் கேட்பார்கள். உள்ளே போய் மாதுளம்பழமும் காதல் கடிதமும் வைத்துவிட்டு வருவார்கள். தாய் உட்கார்ந்த கல் எங்கே என்று இதுவரை ஒருத்தி கேட்டதில்லை. மாதுளை எங்களுக்குச் செத்தவர்கள் பேரில் வேகவைக்கும் கோதுமையில் கலக்கிற பழம். அவர்களுக்கு முத்தத்துக்கு முன்னால் தின்கிற பழம். எனக்குக் கோபம் வருமா வராதா?

மினாவுக்கு வராது. பதினான்கு வயதிலிருந்து என் மொழிபெயர்ப்புகளுக்கு அவள்தான் முதல் வாசகி. சோபாவில் காலை நீட்டிக்கொண்டு, ஆலிவ் கொட்டைகளைத் தாள் மேலேயே துப்பிக்கொண்டு படிப்பாள்.

"மம்மா, இந்தக் காலத்துல எந்தப் பையனும் 'என் இதயமே'ன்னு கூப்பிட மாட்டான்."

"வேற எப்படிக் கூப்பிடுவான்?"

"லூசுன்னு கூப்பிடுவான்."

நான் சாமிகளைத் திருடுகிறார்கள் என்று புலம்பினால் அவள் சொல்வாள்: "திருடல மம்மா. நீங்க எல்லாரும் கண்ணாடிப் பெட்டியில பூட்டி வெச்சுட்டு தொடாதே தொடாதேன்னீங்க. அவங்க வெளிய எடுத்து வெளையாடறாங்க. பொம்மைன்னா கொஞ்சம் தேயத்தான் தேயும்."

பத்தொன்பதாவது வயதில் அவளுக்குப் பாந்தெலிஸ் கிடைத்தான். கப்பல் பட்டறையில் வெல்டர். கருப்பு மோட்டார் சைக்கிள். அந்தச் சத்தம் தெருமுனையில் கேட்டாலே நான் ஜன்னலுக்கு ஓடுவேன். ஒரு நாள் நான் கத்தியபோது மினா திரும்பி நின்று, "நீ அந்தப் புக்ல வர்ற அம்மா மாதிரியே ஆயிட்ட," என்றாள். அந்த வாரம் நான் மொழிபெயர்த்த பக்கத்தில் திமித்ரா மகளைக் கண்ணாடி வீட்டுக்குள் வைத்துப் பூட்டியிருந்தாள்.

அதற்குப் பத்து நாள் கழித்து, பழைய கொரிந்த் சாலையில் லாரி சிந்திய எண்ணெயில் அவன் வண்டி வழுக்கியது. அவனுக்கு இடுப்பும் காலும் உடைந்தன. அவன் தலையில் ஹெல்மெட் இருந்தது. மினாவின் தலையில் இல்லை.

*

நவம்பர் முதல் வாரம், மத்தியானம், பாந்தெலிஸ் கதவைத் தட்டினான். மூன்று வருடத்தில் அவன் என் வாசலுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. இடது காலை இழுத்துத்தான் நடக்கிறான். கையில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில், அதில் சிவப்பு ஒயின்.

"கிரியா ஸ்தமாதா, கல்லறைத் தோட்டத்து போர்டுல பேர் போட்டிருக்காங்க. இருபத்தெட்டாம் தேதின்னு."

"எனக்குப் படிக்கத் தெரியும்."

"நான் வந்து தூரத்துல நிக்கலாமா? மரத்துப் பக்கம். உங்க கண்ணுல படமாட்டேன்."

"எதுக்கு?"

அவன் பாட்டிலை நீட்டினான். "இது கழுவறதுக்கு. எங்கப்பா ஊர்ல நாங்களே போட்டது. கடை ஒயின் வேணாம்னு தோணுச்சு."

நான் அன்றைக்குச் சொன்னதை இங்கே எழுதத்தான் வேண்டும். "என் பொண்ண மண்ணுக்குள்ள அனுப்பினவன் நீ. வெளிய எடுக்கறத வேடிக்கை பாக்க வேற வரணுமா உனக்கு?"

"சரிங்க," என்றான். பாட்டிலை வாசலில் வைத்துவிட்டுப் போனான். நான் அதை எடுக்கவில்லை, எறியவும் இல்லை. மூன்று வாரம் அது அங்கேயே நின்றது.

ஊர் அவனை என்ன பாடு படுத்தியது என்று எனக்குத் தெரியும். கவனக்குறைவு என்று கோர்ட்டில் தண்டனை கொடுத்து, சிறைக்கு அனுப்பாமல் அதை நிறுத்தி வைத்தார்கள். காப்பிக்கடையில் அவன் உட்கார்ந்தால் பக்கத்து மேஜை காலியாகும். அவன் அம்மாவைத் தேவாலயத்தில் என் சொந்தக்காரிகள் பார்த்தும் பாராமல் போவார்கள். ஹெல்மெட் இல்லாத பெண்ணை ஏற்றிக்கொண்டு தான் மட்டும் மாட்டிக்கொண்டவன் என்று அவனுக்குப் பெயர். கோர்ட்டில் நீதிபதி கேட்டபோது, "அவகிட்ட ஹெல்மெட் இல்ல. நான் வற்புறுத்தல," என்று மட்டும் சொன்னான். நான் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன். வாயைத் திறக்கவில்லை.

*

பதினெட்டாம் தேதி பதிப்பகத்திலிருந்து கல்லியோப்பி கூப்பிட்டாள். அவளும் நானும் பதினாறு வருடமாகச் சண்டை போட்டுக்கொண்டே வேலை செய்கிறவர்கள்.

"ஸ்தமாதா, பத்தொன்பது எங்கடி?"

"எது?"

"பத்தொன்பதாம் அத்தியாயம். பதினெட்டு முடியுது, உடனே இருபது வருது. நடுவுல அவங்க ரெண்டு பேரும் எப்ப சமாதானம் ஆனாங்கன்னே தெரியல."

"அனுப்பிட்டேனே. உங்க ஆபீஸ்ல தொலைச்சிருப்பீங்க."

"அம்மா தாயே, உன் கோப்புலயே இல்ல. நீ ஒரு கமா விட்டவ கெடையாது. ஒடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"பசங்க புத்தாண்டுக்கு முன்னாடி வேணும்னு கேக்கறாங்க. ஆதிஸ் விக்கற மாதிரி வேற யார் விக்கறா சொல்லு. நாலு நாள் தரேன்."

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. ஆங்கிலப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை முடித்ததும் மேல் மூலையில் பென்சிலால் ஒரு கோடு கிழிப்பேன். அந்தக் கோடு இருந்தால் வேலை முடிந்தது. பத்தொன்பதாம் அத்தியாயத்தைத் திறந்தேன். பதினெட்டுப் பக்கம். பதினெட்டிலும் கோடு இருந்தது. கணினியில் தேடினேன். ஒரு வரிகூட இல்லை. பக்கம் பக்கமாகக் கோடு கிழித்துக்கொண்டே போயிருக்கிறேன், எதையும் எழுதாமல். அப்படிச் செய்த ஞாபகமே எனக்கு இல்லை.

மேஜையில் உட்கார்ந்து அதைப் படித்தேன். ஆதிஸிடம் ஒரு தலைக்கவசம் உண்டு. பழைய கதையிலும் உண்டு. அதை மாட்டிக்கொண்டால் யார் கண்ணுக்கும் தெரியமாட்டார்கள். இந்த அத்தியாயத்தில் பெர்செஃபோனி வெளியே கிளம்புகிறாள். ஆதிஸ் அந்தத் தலைக்கவசத்தைக் கழற்றி அவளிடம் நீட்டுகிறான்.

இரண்டாம் பக்கத்துக்கு மேல் கண் போகவில்லை. புத்தகத்தை மூடிவிட்டு குளியலறைக்குப் போய் வாஷிங் மெஷினின் மூடியைத் திறந்தேன். உள்ளே துண்டுகள்தான் இருந்தன.

வீட்டில் ஒரு ஹெல்மெட் இருந்தது. ஸீஸிஸ் விட்டுவிட்டுப் போனது. அந்த நவம்பர் மாதம் மினா அதை அலமாரியிலிருந்து இறக்கித் துடைத்து வைத்ததைப் பார்த்தேன். சனிக்கிழமை பாந்தெலிஸோடு போகப்போகிறாள் என்று புரிந்தது. ஹெல்மெட் இல்லாவிட்டால் ஏறமாட்டாள் என்று நினைத்தேன். அவள் பயந்த சுபாவம், அது எனக்குத் தெரியும். ஹெல்மெட்டை எடுத்து வாஷிங் மெஷினுக்குள் போட்டு, மேலே இரண்டு போர்வையைத் திணித்தேன். சனிக்கிழமை சாயங்காலம் அவள், தோழி ஸோயி வீட்டுக்கு நடந்து போயிட்டு வரேன் என்று முத்தம் கொடுத்துவிட்டுப் போனாள். போனதும் நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். போர்வைக்குக் கீழே ஹெல்மெட் அப்படியே இருந்தது. சரி, நடந்துதான் போயிருக்கிறாள் என்று நிம்மதியாகப் பருப்பு சூப் வைத்தேன். சூப் கொதிக்கும்போது போன் வந்தது.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. பாவமன்னிப்புக் கேட்கப் போனபோது பாதிரியாரிடம்கூட, கோபப்பட்டேன், பொய் சொன்னேன் என்று சில்லறைப் பாவங்களைச் சொல்லிவிட்டு வந்தேன். மூன்று வருடமாக ஊர் பாந்தெலிஸைப் பேசியது. நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

நான்காவது நாள் காலை வேறு வழியில்லாமல் உட்கார்ந்து அந்த அத்தியாயத்தை மொழிபெயர்த்தேன். தெருவில் பெண்கள் மாதா திருநாளுக்காக வேகவைத்த தானியத்தைத் தூக்குகளில் எடுத்துக்கொண்டு இடிபாடுகளுக்கு மேலே இருக்கும் சின்னக் கோயிலுக்கு ஏறிக்கொண்டிருந்தார்கள். நான் ஜன்னலைச் சாத்தினேன். ஆதிஸ் சொல்கிறான்: இதை மாட்டிக்கொள், மரணத்தின் கண்ணில்கூட நீ படமாட்டாய். அவள் கேட்கிறாள்: என் அம்மாவின் கண்ணில்? அவன் சொல்கிறான்: அவள் கண்ணிலும்தான். அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருக்கிறாள். பிறகு திருப்பிக் கொடுத்துவிடுகிறாள். அப்படியென்றால் எனக்கு வேண்டாம், அம்மா என்னைத் தேடிக்கொண்டிருப்பாள்.

அவ்வளவுதான் அந்த அத்தியாயம். அலங்காரம் ஒன்றும் இல்லை. பூனையோடு சிரிக்கிற சோளக்காட்டுப் பெண்ணுக்கு இது எங்கே கிடைத்ததோ தெரியாது. நான் மேடையில் ஏறிச் சிரிக்கவைத்த அதே கதை, நூறு பேர் கை பட்ட கதை, என் மேஜையில் உட்கார்ந்து என்னை அழவைத்தது. தேம்பித் தேம்பி அழுதேன். தேய்ந்துபோன கதை என்று சொன்னவளும் நான்தான். தேய்ந்ததெல்லாம் உதவாது என்று எப்போது முடிவு கட்டினேனோ, வெட்கமாக இருந்தது.

அனுப்பிவிட்டு, பாந்தெலிஸின் நம்பரைத் தேடி எடுத்தேன். மினாவின் நோட்டில், "லூசு" என்று எழுதி அடியில் நம்பர் இருந்தது.

"வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு வா," என்றேன். "மரத்துப் பக்கம் நிக்க வேணாம்."

*

கோதுமையை நானே வேகவைத்தேன். மாதுளையை உதிர்த்து, பாதாமும் சர்க்கரையும் சேர்த்துத் தட்டில் பரப்பினேன். வாசலில் நின்ற பாட்டிலைத் துடைத்து எடுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை வெயில் இருந்தது, காற்றும் இருந்தது. பாந்தெலிஸ் எனக்கு முன்பே வந்து கேட்டுக்கு வெளியே நின்றிருந்தான். ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டிருந்தான். கல்லறைத் தோட்டத்துக் கோஸ்மாஸ் பலகைக்கல்லை ஏற்கெனவே பெயர்த்து வைத்திருந்தான். முப்பது வருடமாக இந்த வேலை செய்கிறவன்.

"கிரியா, குடும்பத்து ஆளுங்க மட்டும்தான் கிட்ட நிக்கணும்," என்றான் பாந்தெலிஸைப் பார்த்து. ஊர்க்காரன்தானே, அவனுக்கும் எல்லாம் தெரியும்.

"குடும்பத்து ஆள்தான். நீ தோண்டு," என்றேன்.

கோஸ்மாஸ் குழிக்குள் இறங்கினான். மண்வெட்டிச் சத்தம் கேட்கிற வரைக்கும் எப்படியோ நின்றேன். பிறகு அவன் மண்வெட்டியை வைத்துவிட்டுக் கையால் மண்ணைத் தள்ள ஆரம்பித்தான். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்லமாட்டேன் என்று தோன்றியது.

"பாந்தெலிஸ், அந்த ஹெல்மெட்ட நான்தான் ஒளிச்சு வெச்சேன். வாஷிங் மெஷின்ல. அது இல்லன்னா அவ உன் வண்டியில ஏறமாட்டான்னு நெனச்சேன்."

அவன் குழியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கேக்குதா உனக்கு? நான்தான். உன்ன எல்லாரும் பேசினப்ப நான் வாயத் தொறக்கல."

"தெரியும் கிரியா ஸ்தமாதா."

"என்ன தெரியும்?"

"அவ சொன்னா. அன்னிக்கு நான் வண்டிய அணைச்சுட்டு நின்ன அடுத்த தெருவுக்கு வந்ததும் சிரிச்சா. 'மம்மா அத வாஷிங் மெஷின்ல போட்டுப் போர்வைய மேல திணிச்சிருக்காங்க, பாத்துட்டேன்'னா. போய் எடுத்துட்டு வான்னு சொன்னேன். வேணாம்னுட்டா. 'நான் போனதும் ஓடிப்போய்ப் பாப்பாங்க. இல்லன்னா ராத்திரி பூரா சாப்பிடாம உக்காந்திருப்பாங்க. அது அங்கயே இருக்கட்டும், நிம்மதியா இருப்பாங்க'ன்னா. என்னோடத குடுத்தேன். தலையில ஆடுதுன்னு திருப்பிக் குடுத்துட்டா. பத்து நிமிஷ தூரம்தானேன்னு நானும் வாங்கி மாட்டிக்கிட்டேன். அதுதான் நான் பண்ணது."

 அவள் கண்டுபிடித்திருக்கிறாள். போர்வையைத் தூக்கிப் பார்த்து, திரும்ப அதே மாதிரி திணித்து வைத்துவிட்டு, என் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். நான் நிம்மதியாக இருக்க வேண்டுமென்று. நானும் நிம்மதியாகத்தான் இருந்தேன், ஒன்றேகால் மணி நேரம்.

"இத ஏண்டா கோர்ட்டுல சொல்லல?"

"எப்படிச் சொல்றது? உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னுதானே அவ விட்டுட்டு வந்தா." கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "இன்னிக்கும் சொல்லியிருக்க மாட்டேன். நீங்களே சொன்னதால..."

நான் அவன் தோளைப் பிடித்துக்கொண்டேன். பிடிக்காவிட்டால் குழிக்குள் விழுந்திருப்பேன். மகளை இழந்தது ஒரு துக்கம். அவள் என்மேல் வைத்திருந்த பிரியமே அவளைக் கொண்டுபோயிற்று என்று மூன்று வருடம் கழித்து வெயிலில் நின்று கேட்பது வேறொரு துக்கம். அது இறங்குவதற்கு என் நெஞ்சில் இடம் இல்லை. இருந்தாலும் இறங்கியது.

கோஸ்மாஸ் ஒவ்வொன்றாக மேலே நீட்டினான். முதலில் தலை. "நல்ல மஞ்சளா இருக்கு கிரியா," என்று மெதுவாகச் சொன்னான். மெழுகு மாதிரி மஞ்சளாக இருந்தால் நல்ல ஆத்மா என்பார்கள் எங்கள் ஊரில். நான் அதை வாங்கிக்கொண்டேன். இடது காதுக்கு மேலே விரிசல் இருந்தது. அதில் விரலை வைத்தேன். என் விரல் முழுதும் அடங்கியது.

தொட்டியில் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். பிறகு பாந்தெலிஸ் பாட்டிலைத் திறந்து, என் கைகளின் மேல் ஒயினைச் சாய்த்தான். காலெலும்பு, விலா, விரல்கள். சின்னச் சின்னதாக இருந்த விரல் எலும்புகளை அவன் கழுவினான். வெல்டிங்கில் காய்த்துப்போன முரட்டுக் கைகள், ஆனால் ஒன்றையும் தவறவிடவில்லை. நான் தடுக்கவில்லை. வெள்ளைத் துணியில் காயவைத்தோம். பாதிரியார் வந்து ஜெபம் சொன்னார். கோதுமையை நாங்கள் நான்கு பேரும் ஆளுக்கு ஒரு கை தின்றோம்.

அலுவலகப் பெண் தாளோடு வந்தாள். போனில் பேசியவள்தான், குரல் தெரிந்தது. பெயர், தேதி, வந்தவர்கள், உறவு. நான் "அம்மா" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவள் பாந்தெலிஸைப் பார்த்து, "இவர் என்ன வேணும்?" என்று கேட்டாள். அவன் ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தான்.

"மருமகன்," என்றேன். அவள் எழுதிக்கொண்டாள்.

எலும்புகளைத் தகரப் பெட்டியில் அடுக்கினோம். மேலே அசிமினா என்று வெள்ளைப் பெயின்டில் எழுதியிருந்தார்கள். எலும்பு வைக்கும் அறை தோட்டத்தின் மறுகோடியில், சைப்ரஸ் மரங்களைத் தாண்டி. கோஸ்மாஸ் தூக்கிக்கொண்டு போக வந்தான். நான் வேண்டாம் என்றேன். ஒரு கைப்பிடியை நான் பிடித்தேன், மறு கைப்பிடியை பாந்தெலிஸ் பிடித்தான். அவன் காலை இழுத்து நடப்பதால் மெதுவாகத்தான் போக முடிந்தது. ஒரே கையில் தூக்கிவிடக்கூடிய பெட்டி. இரண்டு பேரும் இறக்கி வைக்காமல் கடைசிவரை தூக்கிக்கொண்டு போனோம்.